வீட்டு விருந்தும் கல்யாணப் பந்தியும்

பண்டிகை நாளில் உற்றாரையும் நண்பரையும் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவதைப் பற்றிப் பேச ஒரு மேடை வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டும் என்றே கருதுகிறேன். “தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்க” என்று சொல்ல வாயெடுக்கும்போதே அழைப்பவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது. எத்தனை கூட்டு, எத்தனை பொரியல், எத்தனை இனிப்பு, விடியலில் எத்தனை மணிக்கு எழுந்தால் சரியாக இருக்கும், யார் கைகொடுப்பார்கள்? கணக்கு முடிவதற்குள் அழைப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பண்டிகைக்கு ஒருவர் வீட்டில் ஒருவர் உண்பது அருகிவிட்டதே என்று வருந்துவோர், மனிதரிடம் ஒட்டுறவு போய்விட்டது என்று காரணம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடி உண்ணும் ஆசை இன்றும் இருக்கிறது. கல்யாண மண்டபத்துப் பந்தியை அளக்கும் கோலை எடுத்துவந்து வீட்டு விருந்தை அளக்கிறோம். விருந்து வைக்கும் வீட்டில் பதற்றமும் களைப்பும் மனத்தாங்கலும் வருவதற்கு அதுவே முதற்காரணம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கல்யாணப் பந்தி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தலைமைச் சமையல்காரர் ஒருவர். அவருக்குக் கீழே காய் நறுக்க ஆள், தேங்காய் துருவ ஆள், வடை தட்ட ஆள். பரிமாறுவோர் தனி. இலை எடுப்போரும் பாத்திரம் துலக்குவோரும் வேறு. பெரிய அண்டாக்களும், அவற்றைத் தாங்கும் அடுப்புகளும் உண்டு. இருபது வகை என்ற பட்டியல் அத்தனை கைகளையும் நம்பி எழுதப்பட்ட பட்டியல். வீட்டுச் சமையலறையில் இருப்பதோ இரண்டு பர்னர் அடுப்பு, வசதியுள்ள வீட்டில் மூன்று. 5 லிட்டர் குக்கரில் அரிசி, பருப்பு போன்ற பொங்கும் பொருள்களைத் தண்ணீரோடு சேர்த்துப் பாதியளவுக்கு மேல் போடக்கூடாது என்பது உற்பத்தியாளர்களே தரும் எச்சரிக்கை. பதினைந்து பேருக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கிலோ அரிசி வேண்டுமென்றால், அந்தக் குக்கரைச் சோற்றுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டும். அதற்கிடையில்தான் சாம்பாரும் ரசமும் பாயசமும் அடுப்புக்குக் காத்திருக்கின்றன. கைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7.2 கோடிப் பேர், 1.85 கோடிக் குடும்பங்கள். குடும்பத்துக்கு நான்கு பேர்கூட இல்லை. அத்தையும் சித்தியும் நாத்தனாரும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்துப் பட்டியலை, இருவர் வேலைக்குப் போகும் மூன்று பேர் வீட்டில் நிறைவேற்றப் பார்க்கிறோம்.

வீட்டில் இருக்கும் அந்தச் சிலரிடையேயும் வேலை சமமாகப் பிரிவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டனர், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர் மட்டுமே. ஈடுபட்ட பெண் ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். சாதாரண நாளிலேயே ஐந்து மணி நேரம் வீட்டு வேலை பார்ப்பவரின் தலையில்தான் பண்டிகையின் கூடுதல் வேலையும் ஏறுகிறது. எண்ணெய்க் குளியல், பூசை, புத்தாடை, பலகாரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அவர் விருந்தையும் சமைக்க வேண்டும். விருந்தினர் கிளம்பும்போது “ரொம்ப நல்லா இருந்தது” என்பார்கள். சமைத்தவருக்கு அவர்களோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச நேரம் கிடைத்ததா என்பதை எவரும் கேட்பதில்லை. இந்த அநீதியை மூடிவைத்துவிட்டு எளிய விருந்து பற்றிப் பேசுவதில் பயனில்லை.

“விருந்தோம்பல் தமிழர் பண்பு, அதைச் சுருக்கச் சொல்கிறீர்களா?” என்ற கேள்வி உடனே வரும். அது மதிக்கத்தக்க கேள்வி. நம் நூல்களைக் கொண்டே பதில் தேடுவோம். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். அதன் பத்துக் குறளிலும் இத்தனை கறி வைக்க வேண்டும் என்ற எண்ணிக்கை எங்கும் இல்லை. வருபவரை ஏற்கும் முகத்தைப் பற்றி வள்ளுவர் பேசுகிறார். பகிராமல் தனித்து உண்பதைக் கடிகிறார். விருந்தின் பயனை விருந்தினரின் தகுதியைக் கொண்டு அளக்கச் சொல்கிறார். முகம் வாடினால் விருந்தே வாடும் என்பது அங்கே உள்ள கருத்து. பின்னிரவில் எழுந்து, புகையிலும் ஆவியிலும் நின்று, நண்பகலில் வாசலுக்கு வந்து வரவேற்கும் முகம் எப்படி வாடாமல் இருக்கும்? சிலப்பதிகாரத்தில் இன்னொரு சான்று உண்டு. மதுரைப் புறநகரில், மாதரியின் அடைக்கலத்தில், கோவலனுக்கு உணவு படைத்த பிறகு கண்ணகி தான் இழந்தவற்றைச் சொல்கிறாள். கணவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேறு தனக்கு இல்லாமல் போனது என்பது அவற்றில் ஒன்று. அவள் செல்வக் குடியைச் சேர்ந்தவள், சமைக்கவும் அவளுக்குத் தெரியும். அவன் இல்லாததால் விருந்து இல்லாமல் போயிற்று. விருந்தோம்பல் இருவரும் சேர்ந்து செய்யும் செயல் என்ற எண்ணம் அந்தக் காப்பியத்தில் இருக்கிறது. ஒருவர் கூடத்தில் அமர்ந்து உரையாட, மற்றவர் அடுப்படியில் வேகும் பழக்கத்துக்கு அதை இயற்றிய இளங்கோவைச் சாட்சியாக அழைக்க முடியாது. அக்கால இல்லறத்தில் பெண்ணுக்கு விதித்த கட்டுப்பாடுகள் எனக்குத் தெரியும். இங்கே நான் எடுத்துக்கொள்வது இந்த ஓர் எண்ணத்தை மட்டும்.

வகை குறைந்தால் விருந்து குறையும் என்பதற்கும் நம் மண்ணில் ஆதாரம் இல்லை. மதுரை மாவட்டம் திருமங்கலத்துக்கு அருகில் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில், முனியாண்டி விலாஸ் உணவகங்களை நடத்துவோர் ஆண்டுதோறும் தை மாதத்தில் கூடி விழா எடுக்கிறார்கள். அங்கே ஊர்கூடி உண்ணும் பிரசாதம் பிரியாணி, அது ஒன்றேதான். பக்கத்தில் ஒன்பது கறி இல்லையே என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. காயல்பட்டினத்தின் களறிச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்ச்சோறு, களறிக்கறி, கத்தரிக்காயும் மாங்காயும் சேர்ந்த ஒரு குழம்பு. சகன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து உண்கிறார்கள். அந்த ஊர்க்காரர் எந்தத் தேசத்துக்குப் போனாலும் ஏங்கும் விருந்து அதுதான். ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரைக்கும், காணும் பொங்கல் அன்று கடற்கரைக்கும் போகும் குடும்பங்கள் தூக்குவாளியில் கொண்டுபோவது புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு. சுடச்சுட இருக்க வேண்டியதில்லை, பரிமாற ஆள் வேண்டியதில்லை, எடுத்துப்போன பெண்களும் மணலில் சேர்ந்து உட்கார்ந்து உண்ணலாம். இப்படிக் களைப்பில்லாத விருந்து ஒன்றை நம் முன்னோர் ஏற்கெனவே அமைத்து வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரைக்குப் பொருந்துவதை வீட்டுக் கூடத்துக்கு மறுப்பானேன்?

ஆகவே முதல் வேலை, பட்டியலை எழுதும் முறையை மாற்றுவது. நாம் சுவையின்படி எழுதுகிறோம்: ஒரு புளிப்பு, ஒரு காரம், ஒரு கூட்டு, ஒரு வறுவல். நேரத்தின்படி எழுதிப் பாருங்கள். நான்கு நாள் முன்பே செய்யக்கூடியவை உண்டு. புளிக்காய்ச்சல், இஞ்சித் தொக்கு, பருப்புப் பொடி, முறுக்கு, தட்டை ஆகியவை காத்திருக்கும். புளிக்காய்ச்சல் ஒரு நாள் ஊறினால் இன்னும் நன்றாக இருக்கும். முந்தின நாள் மாலையில் செய்யக்கூடியவை சில. தேங்காய் துருவி ஃபிரிட்ஜில் வைப்பது, காய் நறுக்குவது, வெங்காயம் உரிப்பது, இறைச்சியில் மசாலா தடவி ஊறவைப்பது போன்றவை. அன்று காலையில் ஆக வேண்டியவை மூன்றாம் வகை: சோறு, குழம்பு, பொரியல், பாயசம். கடைசிக் கால் மணியில் மட்டுமே செய்யக்கூடியவை நான்காம் வகை: வடை, பூரி, தோசை, பஜ்ஜி. வீட்டு விருந்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த நான்காம் வகைதான். விருந்தினர் உட்கார்ந்த பிறகும் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாதபடி ஒருவரைக் கட்டிப்போடுவது அது. எனவே நான்காம் வகையிலிருந்து ஒன்றுக்கு மேல் வேண்டாம். வடை இருந்தால் பூரி வேண்டாம். அப்பளத்தை ஒரு மணி நேரம் முன்பே பொரித்து மூடியுள்ள டின்னில் போட்டுவிட்டால் மொறுமொறுப்பு போகாது. மோர்க்குழம்பை மறுபடி கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்பதால் அது இந்த நாளுக்கு உகந்ததில்லை. வற்றல் குழம்போ பொழுது ஏற ஏறச் சுவை கூடும். சேமியாப் பாயசம் ஆறும்போது இறுகும், அதற்கென்று கொஞ்சம் பாலைக் காய்ச்சித் தனியே வைத்திருக்க வேண்டும். பிரியாணி செய்யும் வீட்டுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. தம் போட்டுவிட்டால் சட்டியே சூட்டைக் காக்கும். தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காயும் போதும்.

முன்கூட்டிச் செய்வது பழையதை விருந்தினருக்குப் போடுவதாகாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது, அதனால் எது தாங்கும், எது தாங்காது என்று துல்லியமாகப் பேச வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரில் வையுங்கள், அல்லது 60 டிகிரிக்கு மேலே சூட்டில் வையுங்கள்; இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் கூடுதல் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது. அதனால் புளிக்காய்ச்சல் நாலு நாள் முன்பு, அதைக் கிளறும் சோறு அன்று காலை. தேங்காய் சேர்த்த பொரியலும் அவியலும் அன்றைக்கே. காலையில் இறக்கியதை மூடி மேசையில் வைத்து மதியத்துக்குக் காத்திருக்கும் பழக்கம்தான் உண்மையில் ஆபத்தானது. எல்லாவற்றையும் ஒரே காலையில் சமைக்க முனையும் வீட்டில் அது தவிர்க்க முடியாமல் நடக்கிறது. சாமிக்குப் படைக்கும் நைவேத்தியத்தை முன்பே செய்யலாமா என்ற தயக்கத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. குளித்துவிட்டு, வாயில் வைத்துப் பார்க்காமல் புதிதாகச் செய்ய வேண்டியவை சர்க்கரைப் பொங்கல், வடை, பாயசம் என்று இரண்டு மூன்றுதான். மற்றவை முன்பே முடிந்திருந்தால் அந்த இரண்டு மூன்றைப் பதறாமல் செய்யலாம்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்கு உவப்பாக இருக்காது. விருந்துக்கு வருபவர்கள் ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவந்தால் பாரம் சரிபாதிக்கு மேல் இறங்கும். அது நம் வழக்கமில்லையே என்ற தயக்கத்தை நாம் நேர்மையாக ஆராய வேண்டும். தீபாவளித் தட்டும் பொங்கல் பானையும் கிறிஸ்துமஸ் கேக்கும் நோன்புக் கஞ்சியும் வீடு மாறிப் போவது தமிழ்நாட்டுத் தெருக்களில் ஆண்டுதோறும் காணும் வழக்கம்தான். தயங்க வைப்பது வேறொன்று: சமைத்த சோறு யார் கையிலிருந்து வரலாம், யாரோடு ஒரே வரிசையில் உட்காரலாம் என்று சாதி நெடுங்காலம் வரையறுத்திருந்தது. 1920களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடினார்கள். காங்கிரசையே உலுக்கிய அந்தப் பூசல் சோற்று வரிசையில் பிறந்தது. சமபந்தி என்ற நிகழ்ச்சியை அரசே கோயில்களில் இன்றுவரை நடத்த வேண்டியிருப்பதற்கும் அந்த வரலாறே காரணம். விருந்தினர் கொண்டுவரும் கூட்டைத் தயங்காமல் நம் இலையில் இட்டுக்கொள்ளும்போது சமைப்பவரின் களைப்போடு அந்தப் பழைய கோடும் கொஞ்சம் அழிகிறது. இதைப் பெரிய நன்மை என்றே கருதுகிறேன். செய்முறையில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: “ஏதாவது கொண்டு வாங்க” என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் நாலு பேரும் கேசரிதான் கொண்டுவருவார்கள். முழுப் பண்டம் ஒன்றை ஒருவரிடம் ஒப்படைத்து, எத்தனை பேருக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு வேறோர் இடத்திலிருந்து வருகிறது. “எனக்குப் பிடித்துத்தான் சமைக்கிறேன், இதில் யாரும் தலையிட வேண்டாம்” என்று சொல்லும் பெண்கள் பலர். அவர்களுடைய சொல்லை நாம் குறைத்து மதிக்கக்கூடாது. வீட்டில் வேறெங்கும் தம் முடிவு செல்லாத ஒருவருக்குச் சமையலறை ஒன்றுதான் அதிகாரம் உள்ள இடமாக இருந்திருக்கும். பண்டிகை விருந்து அவருடைய திறமை ஊரறியும் ஒரே தருணமாகவும் இருக்கலாம். அதைப் பறித்துவிட்டு ஓய்வு என்று பெயர் சொன்னால் அவர் புண்படுவார், அதில் நியாயமும் உண்டு. ஆனால் பெயர் பெற்றுத் தருவது அவருடைய கைப்பக்குவம் நிறைந்த ஒரு குழம்போ ஓர் அதிரசமோதான். நாற்பது வெங்காயம் உரித்ததற்காகவோ அண்டாவைத் துலக்கியதற்காகவோ எவரும் அவரைப் புகழ்ந்ததில்லை. அந்தக் குழம்பு அவரிடமே இருக்கட்டும். உரிப்பதும் நறுக்குவதும் சந்தைக்குப் போவதும் துலக்குவதும் மற்றவர்களுக்குப் போகட்டும். ஆண்களுக்குச் சமையல் வராது என்ற சாக்கு இந்த நாட்டில் செல்லாது. கல்யாணச் சமையலும் ஓட்டல் சமையலும் பிரியாணித் தேக்சாவும் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருக்கின்றன. கூலிக்குச் செய்யும்போது வரும் திறமை வீட்டு வாசலில் எப்படி மறைந்துபோகும்?

மொத்தமாகக் கேட்டரிங்கில் சொல்லிவிடலாமே என்பாரும் உண்டு. முடியாதவர்கள் அப்படிச் செய்வதில் குற்றம் ஏதும் இல்லை. உடல் நலமில்லாத வீட்டில், கைக்குழந்தை உள்ள வீட்டில் அதுவே சரி. இனிப்பை மட்டும் கடையில் வாங்குவது எல்லோருக்குமே நல்லது. ஆனால் முழுவதையும் வெளியே கொடுக்கும்போது பழைய அளவுகோல் அப்படியே நிற்கிறது. இருபது வகை வரும், பாதி மிஞ்சும். கடன் வாங்கியாவது அதே பட்டியலை ஈடுகட்டத் துடிக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கு நெருக்கடி இன்னும் கூடும். ஒரு வீடு துணிந்து நாலு வகையோடு நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்கும் அழைக்கும் தைரியம் வரும்.

வகை குறைவது விருந்தினருக்கே நன்மை என்பதற்கு மருத்துவமும் சான்று தருகிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் (INDIAB) ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் மதிப்பிட்டது. பத்துப் பேர் உட்காரும் பந்தியில் சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் ஒருவராவது இருக்கக்கூடும். மூன்று இனிப்பு வைத்து, “ஒரு நாள்தானே, சாப்பிடுங்க” என்று வற்புறுத்துவதை உபசாரம் என்று நினைக்கிறோம். மறுக்கவும் முடியாமல் உண்ணவும் முடியாமல் அவர் படும் பாடு நம் கண்ணில் படுவதில்லை. தீபாவளி லேகியத்தை விடியற்காலையிலேயே நாவில் தடவி அனுப்பிய பாட்டிமார்கள் மிகுதியாக உண்பதன் விளைவை நன்றாகவே அறிந்திருந்தார்கள். வருபவருக்கும் கடமை உண்டு. எத்தனை பேர் வருகிறோம், எது ஒவ்வாது, எத்தனை மணிக்கு வந்து சேர்வோம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். சொன்ன எண்ணிக்கையைவிட நாலு பேர் கூடுதலாக வந்து நிற்பதை உரிமை என்று எண்ணிக்கொள்வது, அடுப்படியில் நிற்பவருக்கு நாம் செய்யும் கொடுமை.

பரிமாறும் முறையைச் சரிசெய்யாமல் இவற்றில் எதுவும் நிலைக்காது. நாலைந்து வகை இருந்தால் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, வட்டமாக உட்கார்ந்து, அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சமைத்தவரும் அதே வட்டத்தில் அதே நேரத்தில் உண்ணலாம். இலை போட்டுத்தான் உண்ண வேண்டும் என்று மூத்தோர் விரும்பினால் இரண்டு பந்தி வையுங்கள். சமைத்தவர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். உண்டு எழுந்தவர்கள் இரண்டாம் பந்திக்குப் பரிமாறட்டும். பத்து வயதுப் பிள்ளைகள் உப்பும் தண்ணீரும் வைப்பார்கள், அவர்களுக்கு அது பெருமையாகவும் இருக்கும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்து, வந்தவர்கள் கொண்டுவந்த பாத்திரத்திலேயே கட்டிக் கொடுத்துவிடலாம். பாத்திரம் துலக்க யார் யார் என்பதைச் சாப்பாட்டுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். உண்ட பிறகு பேசினால் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடும், கடைசியில் பழைய ஆளே தொட்டிப் பக்கம் போவார். ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கும்போதே, இந்த அவையிலுள்ள ஆண்கள் ஆளுக்கு ஒரு குழம்பைப் பிழையில்லாமல் வைக்கப் பழகிக்கொண்டால், வரும் தீபாவளிக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற பேச்சை அவர்களே வீட்டில் தொடங்கலாம்.